வள்ளம் வராத நாளுக்கு எத்தனை புள்ளி

கொள்வனவு மென்பொருள் தெரிவுசெய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நீங்கள் கண்ட வெற்றிகளைப் பற்றி எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். வெற்றியைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சமில்லை. ஓய்வுபெற்ற மனிதனுக்கு வேறென்ன வேலை. ஆனால் இந்தத் தொழிலை நான் பழகியது வெற்றியால் அல்ல, பயத்தால். ஆகவே பயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

உங்களுக்கு இப்போது கருவிகள் தாராளம். தேவைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறீர்கள். எது முக்கியம், எது அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்கிறீர்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் புள்ளி போடுகிறீர்கள். கருவி பெருக்கிக் கூட்டி, இதை வாங்கு என்று நிறம் நிறமாகப் படம் போட்டுக் காட்டுகிறது. நானும் இவற்றை விரும்புகிறவன்தான். இவற்றை வைத்துத்தான் இத்தனை வருடம் சோறு சாப்பிட்டேன். ஆனால் ஆட்கள் சொல்லப் பயந்த ஒன்றைக் கருவி ஒருநாளும் கேட்டு அறியாது. அதை அறிவது உங்கள் வேலை. எனக்கு அது விளங்கியது எண்பதுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், போர் தொடங்கியிருந்த நேரத்தில்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில், தென்னிலங்கைப் பட்டினங்களில் கடை வைத்திருந்த எங்கள் தீவு ஆட்கள் பலர், எல்லாவற்றையும் எரியக் கொடுத்துவிட்டு உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார்கள். சும்மா இருக்கத் தெரியாத ஆட்கள். கொஞ்சக் காலத்தில் சிலர் ஒன்றுசேர்ந்து வேலணையில் ஒரு கொள்வனவு நிலையம் தொடங்கினார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சாமானை மொத்தமாக வாங்கி, தீவுகளில் உள்ள சிறு கடைகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஒவ்வோரிடத்திலும் ஒரு களஞ்சியம் இருந்தது. நான் தலைமை அலுவலகத்தில் கொள்வனவுக்குப் பொறுப்பான எழுதுவினைஞன்.

பங்காளிகளுக்குத் தலைவர் புங்குடுதீவு மடத்துவெளிக்காரர். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "இல்லை" என்ற சொல் கடைக்குள் கேட்கக் கூடாது. சீனி இருக்கிறதா என்று ஆரும் கேட்டால், களஞ்சியம் கூட்டித் துடைத்தபடி கிடந்தாலும், "இப்பதான் முடிஞ்சது, நாளைக்கு வரும்" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒருவருக்குப் பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். என்னை உள்ளே கூப்பிட்டு, "தம்பி, அந்தச் சொல்லை இந்தக் கூரைக்குக் கீழ சொல்லாதையும். சொன்னால் இலட்சுமி படியிறங்கிப் போயிடுவா" என்றார். மற்றப் பங்காளிகளும் அப்படித்தான். தலைமுறையாகக் கடை நடத்திய ஆட்களின் வாய் அப்படிப் பழகியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நெடுந்தீவுக் களஞ்சியம் தவமணி அக்காவின் பொறுப்பில் இருந்தது. முதலில் அது அவருடைய கணவரின் பொறுப்பு. ஒரு நாள் காலை அந்த மனிதர் சாமான் எடுத்துவர வள்ளத்தில் புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்டார். வள்ளம் வந்து சேரவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, அதில் போனவர்களும் கிடைக்கவில்லை. நேவி பிடித்துக்கொண்டுபோய் எங்கேயோ வைத்திருக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். சிலர் வேறு மாதிரிச் சொன்னார்கள், அக்காவுக்கு முன்னால் சொல்லவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்த தமையன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. "அவர் வந்தால் இஞ்சதானே வருவார்" என்று சொல்லிவிட்டுக் களஞ்சியத்தைத் தான் ஏற்றுக்கொண்டார்.

வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்க முன்னமே அவர் மா, சீனி, பால்மா, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கூரை முட்ட அடுக்கிவிடுவார். பங்காளிகளுக்கு அது பிடிக்காது. நெடுந்தீவில் சாமான் முடங்கிக் கிடக்கிறது, மா பூச்சி பிடிக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் முணுமுணுப்பார்கள். அக்கா அடுத்த முறையும் அப்படியே அடுக்குவார். ஏன் அப்படி அடுக்குகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

இந்த நேரத்தில்தான் முதலாளியின் மருமகன் இலண்டனிலிருந்து ஒரு கொம்பியூட்டர் வாங்கி அனுப்பினார். அது வழியில் ஒவ்வொரு காவலரணிலும் பெட்டி பிரிக்கப்பட்டு, தொலைக்காட்சிதான் என்று பலதரம் சத்தியம் செய்யப்பட்டு வந்து சேர்ந்தது. முதலாளி அதற்குத் திருநீறு பூசினார். பெட்டிக்குள் மருமகன் இன்னொன்றும் வைத்திருந்தார். பல பொருளில் எது நல்லது என்று தெரிவுசெய்ய உதவுகிற ஒரு கருவி, ஒரு பிளொப்பித் தட்டில். கொள்வனவுக்கு எந்தப் புரோகிராமை வாங்குவதென்று அதைக் கேட்டுத் தீர்மானியுங்கள், ஆட்களின் வாய்க்கு விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்களுக்குத் தெரிவு இரண்டு. ஒன்று கொழும்பில் விற்றது. நல்ல வேகம், நல்ல அழகு. களஞ்சியங்களிலிருந்து கிழமைக்குக் கிழமை விற்பனை விபரம் வரவேண்டும். அதைப் பார்த்து எதை, எப்போது, எவ்வளவு வாங்குவதென்று அதுவே சொல்லும். எந்தக் களஞ்சியத்திலும் தேவைக்கு மேல் சாமான் தங்க விடாது. மற்றது யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படிப்பித்த ஒரு வாத்தியார் எழுதியது. மந்தம். பார்க்கவும் சகிக்காது. ஆனால் அதில் ஒவ்வொரு களஞ்சியக்காரரும் தன் கையிருப்பு இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் அளவு போட்டு வைக்கலாம். அந்த அளவில் இயந்திரம் கை வைக்காது.

கொழும்புப் புரோகிராம் வந்தால் நெடுந்தீவின் கையிருப்பு வாடைக்கு முன்னமே வேலணைக்குத் திருப்பி எடுக்கப்படும். பங்காளிகள் அதை மறைக்கவில்லை, அதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்கு அதன் பொருள் வேறு. சாமான் இல்லாத நெடுந்தீவில் ஒருவரும் இருக்க ஏலாது. அவரும் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டி வரும். பிறகு இறங்குதுறையில் நின்று அவருடைய கணவர் வருகிறாரா என்று பார்க்க ஆளில்லை.

கருவியில் மருமகன் ஏற்கெனவே ஏழு கேள்விகள் போட்டு அனுப்பியிருந்தார். விலை, வேகம், பழகுவதற்கு இலகுவா, அறிக்கை வருமா, பழுதானால் திருத்த ஆள் கிடைக்குமா, சாமான் முடங்காமல் பார்க்குமா என்று ஆறு. ஏழாவது, பொருள் வழங்கல் தடைப்பட்டால் தாக்குப் பிடிக்குமா என்பது. இலண்டனில் இருப்பவர்களுக்கு அது சாதாரணச் சொல். பால்காரன் ஒரு நாள் வராவிட்டால் என்ன செய்வது என்ற அளவு. நான் தமிழில் எழுதும்போது கை நின்றுவிட்டது. நேவி கடலை மறித்துக்கொண்டிருந்த காலம் அது, தடை என்ற சொல்லைக் கடதாசியில் எழுதவே பயம். அந்த நாளில் எழுத்து ஆரின் கையில் போய்ச் சேரும் என்று ஒருவருக்கும் தெரியாது. நேவியின் கையில் அகப்பட்டாலும் கேள்வி, இயக்கப் பெடியளின் கையில் அகப்பட்டாலும் கேள்வி. யோசித்து யோசித்து, "பொருள் வந்து சேராத காலத்தில் தாக்குப் பிடிக்குமா" என்று எழுதினேன்.

ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு தாள், பங்காளிகளுக்கும் ஆளுக்கொன்று. பொறுப்பாளர் புள்ளி போட்டுத் தரவேண்டும். மற்றவை றோட்டால் வந்து சேர்ந்தன, நயினாதீவுத் தாள் வள்ளத்தில் வந்தது. நெடுந்தீவுத் தாளை நானே கொண்டுபோக வேண்டியிருந்தது. புரோகிராம் இரண்டையும் அக்காவுக்கு விளங்கப்படுத்த வேறு ஆளில்லை.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறியபோது கடல் அமைதியாகத்தான் கிடந்தது. சனம் பதின்மர் அளவில் இருந்திருக்கும். ஒருவர் ஓர் ஆட்டை மடியில் வைத்திருந்தார். கொஞ்சத் தூரம் போனதும் கதை தானாக நின்றுவிட்டது. நெடுந்தீவுக் கடலில் அந்த நாளில் ஓர் இடத்துக்குப் பிறகு ஒருவரும் கதைப்பதில்லை. எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் திசையிலிருந்துதான் அது வந்தது. சாம்பல் நிற நேவிப் படகு, முன்னால் நீட்டிய துவக்கு.

ஓட்டி இயந்திரத்தை நிற்பாட்டினார். எல்லாரும் அடையாள அட்டையைத் தலைக்கு மேலே பிடித்தோம். எனக்கு நினைவெல்லாம் சட்டைப் பையில் இருந்த தாளிலேயே இருந்தது. எடுத்துக் கடலில் விடலாமென்றால் கையை இறக்கவேண்டும். கையை இறக்கினால் என்ன நடக்கும் என்று தெரியும். தவமணி அக்காவின் கணவரும் இப்படித்தான் கையை உயர்த்திக்கொண்டு இருந்திருப்பார் என்று ஒரு நினைவு வந்தது. அந்த நினைவை அந்த இடத்தில் நினைத்திருக்கக் கூடாது.

ஒரு நேவிக்காரன் வள்ளத்துக்குள் இறங்கி ஒவ்வொருவராகத் தடவினான். என் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தான். "கடே படு, மாத்தயா" என்றேன். கடைச் சாமான் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அவன் தங்கள் படகில் நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருந்தது. என் கெட்ட காலம். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தான். ஏழாவதில் விரல் நின்றது.

"பொருள் வந்து சேராத காலம்" என்று மெல்ல வாசித்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஏன் வராது? யார் மறிக்கிறது?"

ஆடு மட்டும் கத்தியது. யார் மறிக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்த மறிப்புக்குள்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"காத்து, மாத்தயா" என்றேன். "வாடைக் காத்து."

அவன் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு வயது என்னளவுதான் இருக்கும். பிறகு தாளை மடித்துத் தந்துவிட்டுக் கையைக் காட்டினான், போகலாம் என்று. வள்ளம் வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போகும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டுக்காரர் மட்டும், "நல்ல காத்துத் தம்பி" என்றார். சிரிக்க முடியவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கடல் தண்ணீர் ஒரு துளியும் மேலே படவில்லை.

நெடுந்தீவு மாவிலித்துறையில் தவமணி அக்கா நின்றுகொண்டிருந்தார். எனக்காக வந்து நிற்கவில்லை. எந்த வள்ளம் வந்தாலும் நிற்பார். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்து, கடைசி ஆளும் இறங்கியபின்தான் என்னிடம், "சுகமே தம்பி? முகம் ஏன் இப்பிடி வெளிறிக்கிடக்கு?" என்று கேட்டார். கடலில் நடந்ததைச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் அவரல்ல.

களஞ்சியத்துக்குள் மா மூட்டைகளுக்கு நடுவில் இருந்து புள்ளி போட்டார். படித்த மனுஷி, கேள்விகள் கூர்மையாக வந்தன. கொழும்புப் புரோகிராம் களஞ்சிய விபரம் கிடைக்காவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டார். சும்மா இருக்கும், ஒன்றும் வாங்காது என்றேன். "ம்" என்றார். ஆறு வரியையும் நிரப்பினார். ஏழாவதில் பென்சிலை வைத்தார், எடுத்தார், இன்னொரு முறை வைத்தார்.

"இதைப் பிறகு பாப்பம்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. பொருள் வந்து சேராத காலம் ஒன்று உண்டு என்று அவர் கையால் ஒரு புள்ளி போட்டால், வள்ளம் வராது என்று அவரே எழுதியதாகிவிடும். வராது என்று எழுதிய கையோடு எப்படிப் போய் இறங்குதுறையில் நிற்பது. தாளை வாங்கி மடித்து, இந்த முறை செருப்புக்குள் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் ஒரு படகும் வரவில்லை. வராத படகுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டேதான் வந்தேன்.

வேலணையில் எல்லாத் தாளையும் வைத்துக் கருவியில் ஏற்றத் தொடங்கியபோதுதான் கண்டேன். நயினாதீவுத் தாளில் ஏழாவது வரி காலி. புங்குடுதீவில் காலி. ஊர்காவற்றுறையில் காலி. பங்காளிகள் போட்ட தாள்களிலும் காலி. ஒருவரோடொருவர் கதைக்காமல், ஆளுக்கொரு தீவிலிருந்து, எல்லாரும் அந்த ஒரு வரியையே விட்டிருந்தார்கள். கடைக்காரர்களுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. எழுதக் கையும் வரவில்லை. மற்றவர்களுக்குக் கடதாசிப் பயம். எல்லாருக்கும் சேர்த்து, தவமணி அக்காவின் முகம்.

அந்தக் கருவிக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு வரிக்குப் புள்ளி வராவிட்டால் அந்த வரியையே கணக்கிலிருந்து எடுத்துவிடும். அதற்குரிய முக்கியத்துவத்தை மற்ற வரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடும். அதில் பிழை பிடிக்க ஏலாது. தெரியாததை விட்டு, தெரிந்ததை வைத்துத் தீர்மானி என்பது அதன் ஏற்பாடு. நாங்கள் எதற்கு மிகவும் பயந்தோமோ, அது அவ்வளவும் விலைக்கும் வேகத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கொழும்புப் புரோகிராம் படத்தில் தென்னை உயரத்துக்கு நின்றது. மற்றது அடியில் புல்லாகக் கிடந்தது.

கூட்டம் அடுத்த கிழமை. களஞ்சியக்காரர்களும் வந்திருந்தார்கள். தவமணி அக்கா காலை வள்ளத்தில் வந்து, சுவரோரக் கதிரையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் எல்லாருக்கும் அவசரம். முதலாளி படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இயந்திரம் சொல்லிப்போட்டுது. இனி என்ன கதை? கொழும்பையே எடுப்பம். தம்பி, நெடுந்தீவுச் சாமானை வாடைக்கு முதல் இஞ்ச இறக்க ஒழுங்கு செய்யும்" என்றார்.

அந்த நேரம் வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. கூட்டம் அப்படியே அடங்கியது. கண்கள் எல்லாம் கூரைக்குப் போயின. சத்தம் வீட்டுக்கு மேலாகப் போய், கடல் பக்கம் திரும்பி, மெல்லக் குறைந்தது. மறுபடி கதை தொடங்குவதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். பயம் ஓர் அளவுக்கு மேலே போனால் வாய் தானாகத் திறக்கும்.

"முதலாளி, ஏழாவது வரிக்கு ஒருத்தரும் புள்ளி போடேல்லை. அதை விட்டுப்போட்டுத்தான் இயந்திரம் இந்தப் படத்தைத் தந்தது."

"அது கிடக்கட்டும், விடும்" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. கண்ணால் சுவர்ப் பக்கம் காட்டினார். பங்காளிகள் எல்லாரும் தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள்.

"என்ன வரி தம்பி அது?" என்று கேட்டார் தவமணி அக்கா.

அவருக்குத் தெரியும். நான் தாளை எடுத்தேன். முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். நேவிக்காரனுக்கு முன்னால்கூட எனக்குக் குரல் வந்தது. இந்த மனுஷிக்கு முன்னால் வரவில்லை. ஒரு பெண்ணின் நம்பிக்கையைக் கூட்டத்துக்கு நடுவில் எடுத்து அளக்கப்போகிறோம் என்ற பயம் அது. துவக்குக்குப் பயந்ததை விட அதற்கு நான் அதிகம் பயந்தேன்.

அக்கா எழுந்து வந்து தாளை என் கையிலிருந்து வாங்கினார். வாசித்தார். "பொருள் வந்து சேராத காலத்தில் தாக்குப் பிடிக்குமா." பிறகு என்னைப் பார்த்து, "இதை ஏன் இப்பிடிச் சுத்தி வளைச்சு எழுதினனீர்? வள்ளம் வராட்டி எண்டு எழுதும்" என்றார்.

"பிள்ளை, அந்தக் கதை இப்ப வேண்டாம்" என்றார் முதலாளி.

"எழுதாமல் விட்டால் வள்ளம் வந்திடுமே, முதலாளி? நான் எழுதாமல்தானே இவ்வளவு காலமும் இருக்கிறன்."

அக்கா மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தார். "கொழும்பு, விபரம் போகாட்டி ஒண்டும் வாங்காது எண்டனீர், என்ன?" ஓம் என்றேன். பூச்சியம் போட்டார். "மற்றதில நான் போட்ட அளவு அப்பிடியே கிடக்கும்?" கிடக்கும் என்றேன். நல்ல புள்ளி போட்டார். எவ்வளவு முக்கியம் என்ற இடத்தில் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. இருக்கிறதில் பெரிய இலக்கத்தை எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார். "ஏத்தும்."

ஏற்றினேன். இயந்திரம் சற்று யோசித்து, புதிய படத்தைத் தந்தது. தென்னை சரிந்து, புல் எழும்பி நின்றது. ஆனால் இடைவெளி கொஞ்சம்தான். பங்காளி ஒருவர் அதைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். முதலாளி கையை உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"எண்பத்துமூண்டில" என்றார், "கடை எரிக்க வருவாங்கள் எண்டு எனக்குத் தெரியும். முதல் நாளே ஒருத்தன் வந்து சொன்னவன். நான் வாயால எடுக்கேல்லை. வாயால எடுத்தால் நடந்திடும் எண்டு பெண்சாதிக்கும் சொல்லேல்லை. காசுப்பெட்டியில கிடந்ததையாவது எடுத்திருக்கலாம்." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கொழும்புப் புரோகிராம் எங்களுக்கு இல்லை" என்றார்.

அந்தக் கூரைக்குக் கீழே அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்கே தான் சொன்னது கேட்டமாதிரித் தெரியவில்லை. "அந்தத் தாளைக் குசினி அடுப்பில போடும், தம்பி. ஆற்றையும் கண்ணில படவேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போட்டேன். எரிந்து முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

அந்த வாடை பொல்லாத வாடை. முதலில் காற்று மறித்தது. காற்று அடங்கியபிறகும் வள்ளம் விடவில்லை. எந்தக் காற்று மறித்தது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. நெடுந்தீவோடு ஒரு தொடர்பும் இல்லை. வேலணையில் நாங்கள் வாத்தியாரின் மந்தமான புரோகிராமைத் திறந்து, அக்கா போட்ட அளவைப் பார்ப்போம். இத்தனை மூட்டை மா, இத்தனை பீப்பா எண்ணெய், இன்னும் இருக்கும், இன்னும் இருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டிருப்போம். கடல் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் எழும்பி வாசலுக்கு ஓடுவோம். அங்கே சனம் என்ன சாப்பிடுகிறது என்ற பயம் ஒரு பக்கம், அக்கா எழுதியது சரியாகப் போய்விட்டதே என்ற பயம் இன்னொரு பக்கம். அவர் எழுதிய கையோடு அது நடந்ததாக ஊர் பேசுமோ என்றும் பயந்தேன்.

கருவியைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, பிள்ளைகளே. கருவி இல்லாவிட்டால் அந்த வரி காலியாக இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். வாய்ப்பேச்சில் எல்லாம் நிரம்பியிருப்பதாகத்தான் தோன்றும். ஆகவே உங்களிடம் படம் வந்ததும் யார் வென்றது என்று பார்க்க முதல், எந்த வரியை எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு போய்க் கேளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும். அந்தப் பயம் வராத இடத்தில் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

வள்ளம் விட்ட முதல் நாளே நான் சாமானோடு நெடுந்தீவுக்குப் போனேன். வழி முழுக்க அதே திசையைப் பார்த்தபடி, பையில் ஒரு கடதாசியும் இல்லாமல். மாவிலித்துறை தெரிந்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். சனம் மெலிந்திருந்தது, ஆனால் நின்றது. தவமணி அக்கா வழக்கமான இடத்தில் குடையோடு நின்றார். பொட்டு இருந்தது.

"சாமான் போதுமாய்க் கண்டதே அக்கா?"

"கண்டது தம்பி. மா இன்னும் கொஞ்சம் கிடக்கு. மண்ணெண்ணெய்தான் கடைசியில இழுபறியாய்ப் போச்சு. அடுத்த முறை அளவைக் கூட்டிப் போடவேணும்" என்றார். சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலால், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

"என்ன பாக்கிறீர்? வராது எண்டு எழுதினனான்தான்" என்றார். "அது களஞ்சியத்துக்கு எழுதினது."

கடைசி ஆளும் இறங்கி, ஓட்டி வள்ளத்தைக் கட்டும்வரை அங்கேயே நின்றார். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து களஞ்சியக் கதவின் திறப்பை எடுத்து, சாமானை உள்ளே வைக்க என்னிடம் தந்தார்.